தங்கும் படகு பத்திரமானதா? முன்பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குக் கடல் என்றால் போர்ட்டிக்சன்தான். ரந்தாவ், சிலியாவ், லிங்கி, லுக்குட் பக்கத்துத் தோட்டங்களில் இருந்து விடுமுறை நாளில் சோறு கட்டிக்கொண்டு போய், இடுப்பளவு தண்ணீரில் நின்று குளித்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் வீடு திரும்புவது வழக்கம். கடலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்ற கேள்வி அன்று பெரும்பாலோருக்கு எழுந்ததில்லை. இன்று அதே குடும்பங்களின் பிள்ளைகள் சிரம்பானிலும் நீலாயிலும் கோலாலம்பூரிலும் வேலை பார்க்கிறார்கள். அவர்களில் சிலர் ஸ்கூபா முக்குளிப்புப் பயிற்சி எடுத்து, சான்றிதழும் வைத்திருக்கிறார்கள். அடுத்து அவர்கள் தேடுவது படகில் தங்கி முக்குளிக்கும் விடுமுறை.

இதை லிவ்அபோர்ட் என்கிறார்கள். நாம் தங்கும் படகு என்று சொல்லலாம். நான்கைந்து நாள் படகிலேயே உண்டு, உறங்கி, நாளுக்கு மூன்று நான்கு முறை கடலில் இறங்குவது இதன் முறை. போர்ட்டிக்சன் கடலில் இதற்கு வாய்ப்பில்லை. மலாக்கா நீரிணை ஆழம் குறைந்தது. ஆறுகள் கொண்டுவரும் வண்டலும் வேகமான நீரோட்டமும் சேர்ந்து தண்ணீரைக் கலக்கிவிடுகின்றன. தெளிந்த நீர் வேண்டுமானால் கிழக்குக் கரைத் தீவுகளுக்கோ, சபாவின் செம்பூர்ணாவுக்கோ, தாய்லாந்தின் சிமிலான் தீவுகளுக்கோ, இந்தோனேசியாவின் கொமோடோ, ராஜா அம்பாட் பகுதிகளுக்கோ போக வேண்டும். கரையில் இருந்து பல மணி நேரம் தள்ளியுள்ள பவளத் திட்டுகளை எட்டத் தங்கும் படகுதான் வசதி.

பல ஆயிரம் வெள்ளி செலவாகும் பயணம் இது. ஆனால் பலர் படகைத் தேர்ந்தெடுக்கும் முறையைப் பார்த்தால், ஒரு கைத்தொலைபேசி வாங்கும்போது காட்டும் கவனம்கூட இல்லை. அறையின் படம், சாப்பாட்டின் படம், மேல்தளத்துச் சாய்வு நாற்காலியின் படம். இவை எதுவும் உங்கள் உயிரைக் காக்காது. படகை அளக்க ஒரே கேள்வி போதும்: இரவு மூன்று மணிக்கு, எல்லாரும் தூங்கும்போது, ஏதாவது தவறு நடந்தால் இந்தப் படகு என்ன செய்யும்? அந்தக் கேள்விக்குப் பின்னால் உள்ள அறிவியலை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம் பெரியவர்களுக்கு இல்லாத தேர்வு

தோட்டத்துப் பெரியவர்களிடம் கப்பல் என்று சொன்னால், முதலில் வரும் பெயர் ரஜூலா. 1926-இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் சென்னை, நாகப்பட்டினத்தில் இருந்து பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் வரை பல பத்தாண்டுகள் ஓடியது. பெரும்பாலோர் மேல்தளப் பயணிகள்; பாய் விரித்த இடமே படுக்கை. ரஜூலாவுக்குப் பின் வந்தது எம்.வி. சிதம்பரம். 1985 பிப்ரவரியில் அதில் தீப்பிடித்துப் பயணிகள் பலர் உயிரிழந்தார்கள். அந்தப் பயணிகள் கப்பலின் காலம் அதோடு முடிந்தது.

அவர்களுக்குக் கப்பலைத் தேர்ந்தெடுக்கும் வசதி இல்லை. வந்த கப்பலில் ஏறினார்கள். நமக்கு அந்த வசதி இருக்கிறது.

இங்கே சட்டம் பற்றியும் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். 1912-இல் டைட்டானிக் மூழ்கிய பிறகு, 1914-இல் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான உலக ஒப்பந்தம் உருவானது. சோலாஸ் என்று அதைச் சொல்வார்கள். அதன் பயணிகள் கப்பல் விதிகள், 12 பயணிகளுக்கு மேல் ஏற்றிக்கொண்டு நாடு விட்டு நாடு செல்லும் கப்பல்களுக்கு உரியவை. தங்கும் படகுகள் பெரும்பாலும் ஒரே நாட்டின் கடலுக்குள்ளேயே சுற்றி வருகின்றன. அதனால் அந்தந்த நாட்டு விதிதான் அவற்றுக்குப் பொருந்தும். விதி எவ்வளவு கடுமையானது, சோதனை எவ்வளவு ஒழுங்காக நடக்கிறது என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஆகவே 'அரசாங்கம் பார்த்திருக்கும்' என்று இருந்துவிட முடியாது.

படகு ஏன் நிமிர்கிறது, ஏன் கவிழ்கிறது

2024 நவம்பர் 25 விடியற்காலை, எகிப்தின் செங்கடலில் 'சீ ஸ்டோரி' என்ற தங்கும் படகு மூழ்கியது. படகில் இருந்தவர்களில் 11 பேர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். கடல் கொந்தளிப்பாக இருக்கும் என்ற எச்சரிக்கை அந்த நாள்களில் ஏற்கெனவே விடுக்கப்பட்டிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஏப்ரலில் அதே கடலில் 'கார்ல்டன் குயின்' என்ற தங்கும் படகு கவிழ்ந்தது. அதில் இருந்தவர்கள் அனைவரும் மீட்கப்பட்டார்கள். இந்தப் பெரிய படகுகள் எப்படிக் கவிழ்கின்றன?

படகின் எடை முழுவதும் ஒரு புள்ளியில் இறங்குவதாகக் கொள்ளலாம். அது ஈர்ப்பு மையம். தண்ணீர் படகைத் தூக்கும் விசையும் ஒரு புள்ளியில் செயல்படுவதாகக் கொள்ளலாம். அது மிதப்பு மையம். படகு நேராக நிற்கும்போது இரண்டும் ஒரே செங்குத்துக் கோட்டில் இருக்கும். அலை அடித்து படகு வலப்பக்கம் சாய்ந்தால், வலப்பக்க உடல் கூடுதலாகத் தண்ணீரில் முழுகுகிறது. மிதப்பு மையமும் வலப்பக்கம் நகர்கிறது. அங்கே தண்ணீர் மேலே தள்ள, எடை நடுவில் கீழே இழுக்க, படகு நிமிர்கிறது.

இது நடக்க ஈர்ப்பு மையம் தாழ்ந்து இருக்க வேண்டும். செம்பனைக் குலையை அளவாக ஏற்றிய லாரி தோட்டத்துச் செம்மண் வளைவில் ஒழுங்காகத் திரும்பும். தலைக்கு மேல் குவித்து ஏற்றிய லாரி அதே வளைவில் சாயும். படகும் அப்படித்தான். இரண்டு தளத்தோடு கட்டிய படகின் மேல் பிறகு மூன்றாவது தளம் சேர்த்தாலும், உச்சியில் நீர்த்தொட்டியும் ரப்பர்ப் படகும் ஏற்றினாலும், ஈர்ப்பு மையம் மேலே போகும். நிமிர்த்தும் விசை குறையும்.

இரண்டாவது ஆபத்து, அரைகுறையாக நிரம்பிய தொட்டி. பால் மரம் வெட்டியவர்களுக்கு இது தெரியும்: பாதி வாளிப் பாலைத் தூக்கி நடந்தால் தளும்பும். அதே பாலை அகலமான தட்டில் ஊற்றி நடந்து பாருங்கள், இரண்டு எட்டு வைப்பதற்குள் ஒரு பக்கமாக ஓடிக் கொட்டும். படகின் அகலமான டீசல் தொட்டியோ தண்ணீர்த் தொட்டியோ பாதி காலியாக இருந்தால், படகு சாயும் பக்கமே திரவமும் ஓடிச் சாய்வைக் கூட்டும். தொட்டியின் நடுவே நீளவாக்கில் ஒரு தடுப்புச் சுவர் வைத்து இரண்டாகப் பிரித்தால், இந்தத் தீங்கு நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். திறந்து கிடக்கும் கதவு, வட்டச் சன்னல் வழியாக உள்ளே புகும் கடல் நீரும் இதே வேலையைத்தான் செய்கிறது. அதனால்தான் ஓடும் படகில் கீழ்த்தளச் சன்னல்களை அடைத்து வைக்கச் சொல்கிறார்கள்.

தாலாட்டும் படகு

இங்கே நம் உள்ளுணர்வு நம்மை ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. சட்சட்டென்று ஆடும் படகு பயத்தைத் தருகிறது. தொட்டில்போல மெதுவாக ஆடும் படகு சுகமாக இருக்கிறது. உண்மையில் வேகமாக ஆடும் படகில் நிமிர்த்தும் விசை வலுவாக இருக்கிறது. மிக மெதுவாக ஆடும் படகில் அது மெலிந்திருக்கிறது.

கப்பல் பொறியியலில் இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. நிமிரும் திறனைக் குறிக்கும் ஓர் உயரம் உண்டு; ஈர்ப்பு மையத்துக்கும் மெட்டாசென்டர் எனப்படும் புள்ளிக்கும் இடைப்பட்ட தூரம் அது. படகின் அகலத்தை 0.8-ஆல் பெருக்கி, அந்த உயரத்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால், ஒரு முழு ஆட்டத்துக்கு ஆகும் நேரம் ஏறத்தாழக் கிடைக்கும். 7 மீட்டர் அகலப் படகில் அந்த உயரம் 1 மீட்டர் என்றால் ஒரு ஆட்டம் 5.6 விநாடி. அது கால் மீட்டராகக் குறைந்தால் 11.2 விநாடி. திறன் நான்கில் ஒன்றானால் ஆடும் நேரம் இரண்டு மடங்காகிறது.

கடிகாரத்தை வைத்துக்கொண்டு படகுக்குச் சான்றிதழ் கொடுக்க இந்தக் கணக்கு போதாது; படகின் வடிவமும் சுமையும் இதில் சேரும். ஆனால் இரண்டு குறிகளை யாரும் கவனிக்கலாம். ஒன்று, ஒரு பக்கம் சாய்ந்த படகு அங்கேயே சற்று நின்று, தயங்கித் திரும்புவது. மற்றொன்று, அமைதியான நீரிலும் படகு ஒரு பக்கமாகவே சாய்ந்து கிடப்பது. இவற்றைக் கண்டால் தலைவரிடம் உடனே கேளுங்கள். முன்பதிவு செய்யும் முன் கேட்க வேண்டியதும் உண்டு: இந்தப் படகு முதலில் எதற்காகக் கட்டப்பட்டது? பிறகு நீட்டப்பட்டதா, தளம் சேர்க்கப்பட்டதா? சேர்த்த பிறகு நிலைப்புச் சோதனை மீண்டும் நடந்ததா?

தீ: இரண்டு வழி இருந்தும் ஒரே வழி

2019 செப்டம்பர் 2 விடியற்காலை மூன்று மணி அளவில், அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சாந்தா குரூஸ் தீவை ஒட்டி நங்கூரமிட்டிருந்த 'கன்செப்ஷன்' என்ற முக்குளிப்புப் படகு தீப்பிடித்தது. படகில் 33 பயணிகளும் 6 பணியாளர்களும் இருந்தார்கள். கீழ்த்தளத்தில் தூங்கிக்கொண்டிருந்த 33 பயணிகளும் ஒரு பணியாளரும் இறந்தார்கள். மேல்தளத்தில் படுத்திருந்த ஐந்து பணியாளர்கள் மட்டுமே தப்பினார்கள்.

கீழ்த்தளத்தில் இருந்து வெளியேற இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று படிக்கட்டு; மற்றொன்று படுக்கைக்கு மேலே உள்ள சிறு திறப்பு. ஆனால் இரண்டுமே மேலே உள்ள ஒரே கூடத்தில்தான் போய் முடிந்தன. தீ எரிந்ததும் அந்தக் கூடத்தில்தான். விசாரித்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், தீ எதனால் மூண்டது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. படகே எரிந்து மூழ்கிவிட்டது. ஆனால் இரவில் சுற்றிப் பார்க்கும் காவலர் ஒருவர்கூட விழித்திருக்கவில்லை என்பதை அது திட்டவட்டமாகச் சொன்னது. ஒருவர் விழித்திருந்தால் தீ சிறிதாக இருக்கும்போதே தெரிந்திருக்கும். படகுத் தலைவர் பின்னர் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டு, 2024-இல் நான்கு ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார்.

மூடிய அறையில் பிளாஸ்டிக்கும் நுரை மெத்தையும் எரிந்தால், சில நிமிடங்களுக்குள் புகை கூரையில் இருந்து தரை வரை இறங்கிவிடும். தீயில் இறப்பவர்களில் பலரைக் கொல்வது வெப்பம் அல்ல, இந்தப் புகைதான். ஆகவே அறையின் அழகைவிட மூன்று விவரங்கள் முக்கியம்: வெளியேறும் இரண்டு வழிகளும் வேறு வேறு இடத்தில் போய்த் திறக்கின்றனவா? ஒவ்வொரு அறையிலும் புகை உணரி இருக்கிறதா, ஓர் அறையில் ஒலித்தால் எல்லா இடத்திலும் ஒலிக்குமா? இரவு முழுவதும் ஒரு பணியாளர் விழித்திருப்பாரா, அவர் பெயர் பட்டியலில் இருக்கிறதா?

மின்கலம் என்னும் விருந்தாளி

கன்செப்ஷன் விபத்துக்குப் பிறகு எல்லாரும் பேசத் தொடங்கிய பொருள் லித்தியம் மின்கலம். முக்குளிப்பவர் ஒவ்வொருவரும் கைத்தொலைபேசி, நீரடி விளக்கு, கேமரா, கணினி என்று நான்கைந்து கொண்டுவருகிறார்கள். 20 பேர் படகில் ஒரே இரவில் நூறு மின்கலம்வரை சார்ஜ் ஏறக்கூடும்.

லித்தியம் மின்கலத்துக்குள் நேர்முனையும் எதிர்முனையும் ஒன்றையொன்று தொடாதபடி மெல்லிய தாள் போன்ற தடுப்பு இருக்கிறது. அடிபட்டாலோ, உப்புத்தண்ணீர் உள்ளே போனாலோ, அளவுக்கு மீறி மின்னேறினாலோ அந்தத் தடுப்பு கிழியலாம். உள்ளுக்குள்ளேயே மின்சுற்று ஏற்பட்டு சூடாகும். அந்தச் சூடு வேதிவினையைத் தூண்ட, வேதிவினை மேலும் சூட்டைத் தர, ஒன்றையொன்று வளர்த்துக்கொண்டே போகும். உள்ளே உள்ள கரைப்பான் எரியும் ஆவியாக வெளியேறும். பக்கத்து மின்கலமும் சூடேறித் தொடரும். சிறு தீயணைப்பானால் சுவாலையை அணைத்தாலும் உள்ளே சூடு இருக்கும்வரை மீண்டும் பற்றிக்கொள்ளும். ஏராளமான தண்ணீர் ஊற்றிக் குளிர்விப்பதே வழி.

எனவே நல்ல படகில் சார்ஜ் செய்யும் மேசை திறந்த தளத்தில், படுக்கை அறைகளில் இருந்தும் வெளியேறும் வழியில் இருந்தும் தள்ளி இருக்கும். ஆள் பார்வையில்தான் சார்ஜ் நடக்கும். இரவில் இணைப்பை நிறுத்திவிடுவார்கள். 'அறைக்குள் எத்தனை வேண்டுமானாலும் சார்ஜ் செய்துகொள்ளலாம்' என்பதை ஒரு வசதியாக விளம்பரம் செய்யும் படகைப் பார்த்தால் யோசியுங்கள்.

நீங்கள் சுவாசிக்கும் காற்று எங்கிருந்து வருகிறது

சிலிண்டரில் காற்றை அடைக்கும் கம்பிரசர் படகிலேயே ஓடுகிறது. அது காற்றை இழுக்கும் குழாய் இயந்திரப் புகைபோக்கிக்கு அருகில் இருந்தால், கார்பன் மோனாக்சைடும் சிலிண்டருக்குள் போய்விடும். இந்த வாயுவுக்கு நிறமும் மணமும் இல்லை. இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும்.

ஆழம் இதை மோசமாக்குகிறது. ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுவதால், 30 மீட்டர் ஆழத்தில் நாம் சுவாசிப்பது மேற்பரப்பைப் போல நான்கு மடங்கு அழுத்தத்தில். மேலே பத்து இலட்சத்தில் 10 பங்காக இருந்த கார்பன் மோனாக்சைடு, அங்கே 40 பங்குக்குச் சமம். ஐரோப்பியச் சுவாசக் காற்றுத் தர அளவு 5 பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது. ஆழத்தில் ஆக்சிஜன் அழுத்தமும் சேர்ந்து கூடுவதால் ஓரளவு சமாளித்துவிடுவோம். மேலே ஏறும்போதுதான் தலைவலி, குமட்டல், மயக்கம் தெரியவரும். பலர் இதைக் கடல் நோய் என்றே நினைத்துவிடுவார்கள். காற்றைக் கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று கேளுங்கள். சோதனைத் தாளைக் காட்டத் தயங்காத படகு நம்பத் தகுந்தது.

தலை எண்ணும் பழக்கம்

2022 ஏப்ரல் 6 அன்று ஜொகூரின் மெர்சிங் கடலில், தோக்கோங் சங்கோல் தீவுக்கு அருகே நால்வர் முக்குளித்தார்கள். மேலே வந்து பார்த்தபோது படகு இல்லை. நீரோட்டம் அவர்களை இழுத்துப் போனது. பயிற்றுநர் மறுநாள் மீட்கப்பட்டார். இருவர் இரண்டரை நாளுக்குப் பின் கண்டுபிடிக்கப்பட்டார்கள். பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் பிழைக்கவில்லை. அது தங்கும் படகு அல்ல. ஆனால் பாடம் எல்லாப் படகுக்கும் பொது.

மணிக்கு ஒரு நாட்டிகல் மைல் வேகமுள்ள சாதாரண நீரோட்டம், ஒரு மணி நேரத்தில் உங்களை 1.85 கிலோமீட்டர் தள்ளிவிடும். எந்தத் திசை என்று தெரியாவிட்டால், தேட வேண்டிய பரப்பு ஏறத்தாழ 11 சதுரக் கிலோமீட்டர். மூன்று மணி நேரம் ஆனால் தூரம் மூன்று மடங்கு. பரப்போ ஒன்பது மடங்காகி 97 சதுரக் கிலோமீட்டர். தாமதத்தின் விலை இப்படி ஏறுகிறது. எனவே ஒவ்வொரு முறையும் இறங்கும்போதும் ஏறும்போதும் பெயர் சொல்லித் தலை எண்ணும் படகையே தேர்ந்தெடுங்கள். பெரிய படகோடு, முக்குளிப்பவர்களைப் பின்தொடரும் சிறு படகு எத்தனை என்றும் கேளுங்கள். அலைகளுக்கு நடுவே ஒரு தலை சில நூறு மீட்டருக்கு அப்பால் தெரிவது அரிது. ஆள் உயரத்துக்கு எழும்பும் ஆரஞ்சு நிறக் காற்றுக் குழாய், ஊதல், கண்ணாடித் துண்டு, விளக்கு ஆகியவை உங்களிடமே இருக்கட்டும்.

ஆக்சிஜன் கணக்கு

ஆழத்தில் அழுத்தம் கூடும்போது, சுவாசிக்கும் நைட்ரஜன் இரத்தத்திலும் தசையிலும் கொழுப்பிலும் கரைகிறது. மேலே வரும்போது மெல்ல வெளியேற வேண்டும். அவசரப்பட்டால், மூடி திறந்த குளிர்பானப் போத்தல்போலக் குமிழிவிடும். இதுவே அழுத்த இறக்க நோய்.

உடலின் எல்லாப் பாகமும் ஒரே வேகத்தில் நைட்ரஜனை வாங்குவதில்லை. மழையில் நனைந்த வேட்டி சீக்கிரம் காய்ந்துவிடும். பஞ்சு மெத்தை நனைய நேரமாகும். நனைந்துவிட்டால் காய நாள்கணக்காகும். இரத்தம் அந்த வேட்டி. மூட்டும் கொழுப்பும் அந்த மெத்தை. தங்கும் படகில் நாளுக்கு நான்கு முறை, ஐந்து நாள் முக்குளிக்கும்போது மெத்தை நனைந்துகொண்டே போகிறது. நடுவில் ஒரு நாள் ஓரிரு முக்குளிப்பை விட்டுவிடும்படி சொல்லும் பயிற்றுநர் உங்கள் பணத்தை வீணாக்கவில்லை.

நோய் வந்துவிட்டால் முதலுதவி தூய ஆக்சிஜன். நிமிடத்துக்கு 15 லிட்டர் வீதம் கொடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 900 லிட்டர் ஆகும். கரை ஆறு மணி நேரத் தூரம் என்றால் ஒருவருக்கே 5,400 லிட்டர். 150 பார் அழுத்தத்தில் அடைத்த 10 லிட்டர் சிலிண்டரில் இருப்பது 1,500 லிட்டர். நூறு நிமிடத்தில் தீர்ந்துவிடும். அப்படியானால் நான்கு சிலிண்டர் வேண்டும். 'எங்களிடம் ஆக்சிஜன் இருக்கிறது' என்ற பதிலோடு நிற்காமல், எத்தனை லிட்டர், கரைக்கு எத்தனை மணி நேரம், அழுத்த அறை உள்ள மருத்துவமனை எங்கே என்று கேட்பதுதான் சரியான கேள்வி.

விமானத்திலும் இதே நைட்ரஜன் தொல்லைதான். விமான அறைக்குள் காற்றழுத்தம் 1,800 முதல் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பதைப் போன்றது. பல நாள் தொடர்ந்து முக்குளித்தவர்கள் குறைந்தது 18 மணி நேரம் காத்திருந்தே பறக்க வேண்டும் என்று முக்குளிப்பு மருத்துவ அமைப்பான டான் பரிந்துரைக்கிறது. தாவாவ் விமான நிலையத்தில் இருந்து ஊர் திரும்ப நினைப்பவர்கள் பயணச்சீட்டை இதற்கேற்ப வாங்க வேண்டும். நம் ஊருக்கே உரிய எச்சரிக்கை ஒன்றும் உண்டு: கெந்திங் மலை ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம். தியோமானில் முக்குளித்துவிட்டு, விடுமுறை மிச்சம் இருக்கிறதே என்று அன்று இரவே குடும்பத்தோடு கெந்திங் ஏறினால், உடலுக்கு அதுவும் விமானம்தான்.

தீபாவளி விடுமுறையும் பருவமழையும்

நம்மவர்கள் நீண்ட விடுப்பு எடுப்பது பெரும்பாலும் தீபாவளியை ஒட்டியும் ஆண்டு இறுதியிலும்தான். கிழக்குக் கரையில் வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கி மார்ச் வரை நீடிக்கும். அப்போது தியோமான், ரெடாங், பெர்ஹெந்தியான் பக்கம் கடல் கொந்தளிக்கும். பெரும்பாலான விடுதிகள் மூடிவிடும். அந்த நாளில் 'கிழக்குக் கரைக்குச் சலுகை விலை' என்று யாராவது அழைத்தால், சலுகைக்குக் காரணம் அலைதான். அந்த மாதங்களில் மேற்கே சிமிலான் தீவுகள் அமைதியாக இருக்கும். அத்தேசியப் பூங்கா அக்டோபர் 15 முதல் மே 15 வரை திறந்திருக்கும். செம்பூர்ணாப் பக்கம் ஆண்டு முழுவதும் முக்குளிக்கலாம். ஆனால் சிப்பாடானில் தங்க முடியாது. 2004 முடிவோடு அங்கிருந்த விடுதிகள் அகற்றப்பட்டன. நாளுக்கு இத்தனை பேர் என்ற வரம்பும் உண்டு. எனவே படகுக் கட்டணத்தில் சிப்பாடான் அனுமதி சேர்ந்திருக்கிறதா, எத்தனை நாளுக்கு என்று எழுத்தில் வாங்குங்கள்.

கேட்க வேண்டிய பத்து

முன்பணம் கட்டும் முன், இவற்றை எழுதி அனுப்பிப் பதில் வாங்குங்கள்.

1. படகு எந்த ஆண்டு, எதற்காகக் கட்டப்பட்டது? பின்னர் என்ன மாற்றம் செய்யப்பட்டது?
2. எந்த நாட்டில் பதிவானது? பயணிகள் எண்ணிக்கைக்கான சான்றிதழ் எந்தத் தேதி வரை செல்லும்?
3. என் அறையில் இருந்து வெளியேறும் இரண்டு வழிகள் எங்கெங்கே திறக்கின்றன?
4. இரவுக் காவல் யார்?
5. மின்கலம் சார்ஜ் செய்யும் இடம் எது?
6. உயிர்காப்புத் தெப்பங்கள் எத்தனை பேருக்கு? கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டன?
7. சுவாசக் காற்றுச் சோதனை கடைசியாக எப்போது?
8. ஆக்சிஜன் எத்தனை லிட்டர்?
9. பின்தொடரும் சிறு படகு எத்தனை?
10. வானிலை மோசமானால் பயணத்தை நிறுத்தும் முடிவு யாருடையது? பணம் திரும்பக் கிடைக்குமா?

பத்தாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். பயணத்தை ரத்து செய்தால் நட்டம் முழுவதும் தமக்கு என்றிருக்கும் உரிமையாளருக்கு, மோசமான வானிலையிலும் புறப்படும் ஆசை வரும். பணம் போய்விடுமே என்ற பயம் பயணிகளுக்கும் அதே ஆசையைத் தரும். தேதியை மாற்றிக்கொள்ள இடம் தரும் ஒப்பந்தமே, புயல் நாளில் எல்லாரையும் கரையில் நிறுத்தி வைக்கும்.

படகில் ஏறிய முதல் மாலையே இன்னொரு வேலை பாக்கி. உங்கள் அறையில் இருந்து வெளித்தளம் வரை இரண்டு வழிகளிலும் ஒருமுறை நடந்து பாருங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, சுவரைத் தடவி, படிகளை எண்ணி நடந்து பாருங்கள். மேலே உள்ள திறப்பு கையால் தள்ளினால் திறக்கிறதா, அதன் மேல் யாராவது பெட்டியை வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். உயிர்காப்புச் சட்டையை எடுத்து ஒருமுறை அணிந்து பாருங்கள். தலையணைக்கு அருகே ஒரு சிறு விளக்கும், கடவுச்சீட்டும் மருந்தும் போட்ட ஒரு சிறு பையும் இருக்கட்டும். பாதுகாப்பு விளக்கம் எதுவும் சொல்லாமலேயே நங்கூரம் தூக்கப் போகிறார்கள் என்றால், விளக்கம் கேளுங்கள். மறுத்தால் இறங்கிவிடுங்கள், படகு இன்னும் கரையில்தானே இருக்கிறது.